ஞாயிறு முகாம்

கேள்வி: பீடி சுற்றுவோர், கடை ஊழியர்களுக்கு ஞாயிறுதோறும் இலவச மருத்துவ முகாம் நடத்தப் போகிறோம். டாக்டர் ஒருவர் வர ஒப்புக்கொண்டார். எதில் கவனம் வேண்டும்?
- வாசகர், முக்கூடல்

பதில்: நல்ல காரியம். காலை 7 மணிக்கே தொடங்குங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. பிந்தினால் காப்பி குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். ரத்த அழுத்தம் பார்க்குமுன் 5 நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், கை நெஞ்சு மட்டத்தில். பருத்த கையில் சின்னப் பட்டை சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். 140/90 என்றால் மறுவாரமும் பாருங்கள். 180/110-ஐத் தாண்டினால் அன்றே ஆஸ்பத்திரி.

முகாம்கள் தோற்பது பத்து நாள் மாத்திரையோடு ஆளை விட்டுவிடுவதில்தான். ஆளுக்கொரு நோட்டு போட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்துவிடுங்கள். அங்கே மாத்திரை இலவசம்.