பூக்கடை மென்பொருள்: முதலாளி புதிது புதிதாகக் கேட்டால்?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைக்கு மென்பொருள் செய்கிறீர்கள், ஒவ்வொரு டெமோவிலும் முதலாளி புதிதாக ஒன்று கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மனம் மாறவில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் கேட்காமல் விட்டதை இப்போது சொல்கிறார். "என்ன வேணும்?" என்றால் "பில் போடணும்" என்றுதான் பதில் வரும்.

விடியற்காலை வியாபாரத்தின்போது கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்காருங்கள். சீட்டு, பேரேடு எல்லாவற்றையும் அனுமதி கேட்டு போட்டோ எடுங்கள். மல்லிகை விலை காலையில் ஒன்று, வெயில் ஏறினால் வேறு. முகூர்த்த நாளில் சொல்லவே வேண்டாம். பூவுக்கு ஒரே விலை என்று டேட்டாபேஸில் டேபிள் போட்டிருந்தால் அங்கேயே இடிக்கும். விவசாயிக்குக் கொடுத்த முன்பணத்தை எப்போது, எவ்வளவு கழிக்கிறார்கள்? பூ ஈரமாக வந்தால் எடையில் குறைப்பார்களா? கடனுக்கு வாங்கும் சில்லறை வியாபாரி கணக்கு எப்படி? இதெல்லாம் தானாக வாயில் வராது.

அப்புறம், நாற்பது பக்க ஆவணம் தராதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். மென்பொருளின் திரைகளைத் தாளில் வரைந்து, நேற்றைய சீட்டுகளை வைத்துக் கணக்குப்பிள்ளையையே நிரப்பச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கும். முதல் கட்டத்தில் எது வரும், எது வராது என்று ஒரே பக்கத்தில் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். அதற்குமேல் கேட்டால் மறுக்க வேண்டாம். நாளும் பணமும் சொல்லி இரண்டாம் கட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் வாங்கிவிட்டீர்கள்தானே?