சந்தனக் கன்று ஒரு சாண் வளர்வதற்குள் சாகிறதா? பைக்குள் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

அந்தியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் தோட்டத்து வரப்பில் பழைய சந்தன மரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் விழுந்த பழங்களிலிருந்து 40 விதை எடுத்து, நல்ல மண்கலவை போட்ட தொட்டியில் விதைத்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்து 6 முளைத்தன. அவற்றைத் தனித்தனிப் பைக்கு மாற்றி, களை ஒன்று விடாமல் பிடுங்கி, டிஏபி உரம்கூடக் கரைத்து ஊற்றியிருக்கிறார். ஒரு சாண் உயரம் வருவதற்குள் இலை மஞ்சளாகி நான்கு செத்துவிட்டன, மீதி இரண்டும் அதே வழியில் போகின்றன. எங்கே தப்பு, முளைக்காத 34 விதை கிடக்கும் தொட்டியைக் கொட்டிவிடலாமா என்பது கேள்வி.

தப்பு அந்தக் களை பிடுங்கியதில்தான் இருக்கிறது. கேட்பதற்கு விளையாட்டாகத் தெரியும், ஆனால் நீங்கள் அக்கறையாகப் பிடுங்கிப் போட்ட செடிகளில் ஏதோ ஒன்றுதான் உங்கள் கன்றுக்குச் சோறு போட்டிருக்கும்.

சந்தனம் ஒரு பாதி ஒட்டுண்ணி. இலை பச்சையாக இருக்கிறது, வெயிலில் தனக்கு வேண்டிய மாவுச்சத்தைத் தானே செய்துகொள்கிறது, அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. மண்ணுக்குள் நடப்பது வேறு. அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைத் தேடிப் போய்க் கவ்வி, ஒரு சின்ன முடிச்சை உண்டாக்கி, அதன் வழியாகத் தண்ணீரையும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்கிறது. இந்த விஷயம் 1871லேயே பதிவாகிவிட்டது. ஆனாலும் கன்று வாங்கிப்போகிற பத்துப் பேரில் பாதிப் பேருக்காவது இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை என்பது என் அனுபவம்.

சரி, பக்கத்தில் யாருமே இல்லாமல் உங்கள் கன்று ஒரு சாண்வரை எப்படி வந்தது? விதைக்குள் தாய் மரம் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு இருக்கிறது. சில மாதத்துக்கு அது தாங்கும். அது தீர்ந்ததும் வளர்ச்சி நிற்கும், இலை வெளுக்கும், அப்புறம் நுனியிலிருந்து காயத் தொடங்கும். டிஏபி ஊற்றியது இந்த நேரத்தில்தான் என்றால், பசித்த பிள்ளைக்கு உப்புக் கரைசல் கொடுத்த கதைதான், இளம் வேர் இன்னும் கருகியிருக்கும்.

நானும் முதல் தடவை இப்படித்தான் கொன்றேன். சுத்தமான கலவை, சுத்தமான பை, வரிசையாக அடுக்கி அழகு பார்த்தேன், பதினைந்து கன்றில் ஒன்றுதான் மிஞ்சியது. அந்த ஒரு பையில் மட்டும் எங்கிருந்தோ பொன்னாங்கண்ணி முளைத்துப் படர்ந்திருந்தது, சோம்பலில் பிடுங்காமல் விட்டிருந்தேன். பையைக் கிழித்து, மண்கட்டியை வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தபோதுதான் புரிந்தது. பொன்னாங்கண்ணியின் வேர் முழுக்க வெளிர் நிறத்தில், கடுகு அளவில் குட்டிக் குட்டி மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் லேசாக இழுத்தால் இரண்டு வேரும் சேர்ந்தே வந்தன, பிரிக்கவே முடியவில்லை. அந்த மணிகள்தான் உறிஞ்சுவேர்கள். (அலசிய கன்று செத்துப்போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்க்க ஆசைப்பட்டால் ஒரு கன்றைப் பலி கொடுக்கத் தயாராக இருங்கள்.)

இப்போது உங்களிடம் உயிரோடு இருக்கும் இரண்டு கன்றுக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். இன்றைக்கே, கீரைக்கட்டில் வாங்கிய பொன்னாங்கண்ணித் தண்டை விரல் நீளத்துக்கு ஒடித்து, ஒவ்வொரு பையிலும் கன்றிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஒன்று ஊன்றுங்கள். கணு ஒன்று மண்ணுக்குள் இருந்தால் போதும், சில நாளிலேயே வேர் விட்டுவிடும். கூடவே ஊறவைத்த துவரை விதை ஒன்று. நாட்டுத் துவரையாக இருக்கட்டும், மளிகைக் கடை உடைத்த பருப்பு முளைக்காது. உரத்தை அடியோடு நிறுத்துங்கள். பையை அரை நிழலுக்கு மாற்றுங்கள். கன்றின் தண்டு இன்னும் பச்சையாக இருந்து, நுனி காயாமல் இருந்தால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. பிடித்துக்கொண்டதா என்பது புதுத் துளிரில் தெரியும். பழைய மஞ்சள் இலை திரும்பப் பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

துணைச்செடிக்குத் துவரையை ஏன் சொல்கிறார்கள் என்றால், அதன் வேர் முடிச்சுகளில் காற்றிலிருக்கும் தழைச்சத்து சேர்கிறது, அதில் பங்கு சந்தனத்துக்கும் போகிறது. ஆனால் துவரை வேகமாக வளர்ந்து கன்றின் தலைக்கு மேல் குடை பிடித்துவிடும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கிள்ளிவிட வேண்டும். வேரைத் தொடாதீர்கள், தலையை மட்டும் கிள்ளுங்கள். பொன்னாங்கண்ணியில் இந்தத் தொல்லை குறைவு, தரையோடு படரும், கிள்ளியதைக் கூட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் குனுனுராவில் நம் சந்தனத்தைப் பெரிய தோட்டமாகப் போட்டிருக்கிறார்கள், அங்கேயும் பைக்குள் துணைக்கு வைப்பது பொன்னாங்கண்ணி இனத்துச் செடியைத்தான். ஒரே தொட்டியில் நான்கு சந்தனத்தை நட்டு, ஒன்றுக்கொன்று துணை என்று நினைப்பவர்களும் உண்டு. அவை ஒன்றின் வேரை ஒன்று கவ்விக்கொள்ளும், அது உண்மை, ஆனால் நான்கு கடன்காரர்கள் தங்களுக்குள் கைமாற்று வாங்கிக்கொள்வதில் யாருக்கு என்ன லாபம்?

அடுத்து, விதை. 40க்கு 6 என்பது மோசம்தான், ஆனால் கையால் பொறுக்கி நேராக விதைத்தால் அப்படித்தான் வரும். சந்தனப் பழம் பச்சையிலிருந்து சிவந்து, அப்புறம் கருநீலமாகப் பழுக்கும். கறுத்த பழத்தை மரத்திலிருந்து பறிப்பது உத்தமம். கீழே விழுந்ததில் எது இந்த வாரம் விழுந்தது, எது போன பருவத்தில் விழுந்தது என்று தெரியாது. பழத்தை அன்றைக்கே தண்ணீரில் போட்டுப் பிசைந்து சதையை முழுக்கக் கழுவுங்கள், மிதக்கும் விதையைத் தள்ளிவிட்டு மூழ்கியதை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். குயிலும் கொண்டைக்குருவியும் செய்கிற வேலையைத்தான் நாம் செய்கிறோம். அவை பழத்தைத் தின்று விதையைப் போடும் இடம் வேலியோரமும் புதரடியுமாக இருப்பதால், முளைக்கும்போதே துணையும் பக்கத்தில் இருக்கும். காட்டில் யாரும் துவரை நடுவதில்லை.

புது விதை உடனே முளைக்காது, சுமார் இரண்டு மாதம் தூங்கும். அதனால் உலர்த்திய விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மாதம் வைத்திருந்து விதைப்பதுதான் முறை. ரொம்பவும் வைக்கக் கூடாது, ஒரு வருஷத்துக்குள் முளைப்புத்திறன் நன்றாக இறங்கிவிடும். தூக்கத்தைக் கலைக்க ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி உதவும். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைக்காரர்களுக்கு இது பழக்கமான மருந்து, உரக்கடையில் கிடைக்கும். 500 பிபிஎம் கரைசல் வேண்டும், அதாவது லிட்டருக்கு அரை கிராம். உங்களுக்கு 100 மில்லி போதும் என்பதால் 50 மில்லிகிராம் தூள். கடையில் இதைப் பல வீரியத்தில் விற்கிறார்கள், தூய தூளுக்குத்தான் இந்தக் கணக்கு, பொட்டலத்தில் போட்டிருக்கும் சதவீதத்தைப் பார்த்து அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். தூய தூள் நேராகத் தண்ணீரில் லேசில் கரையாது, சில சொட்டு ஸ்பிரிட்டில் கரைத்துவிட்டுத் தண்ணீர் சேர்க்க வேண்டும். ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் விதைத்துவிடலாம். மருந்து இல்லாமலும் முளைக்கும், ஆனால் ஒரே சமயத்தில் முளைக்காது, நான்காவது வாரம் ஒன்று, பத்தாவது வாரம் இரண்டு என்று சிதறிச் சிதறி வரும்.

விதைப்பதற்குத் தொழு உரம் நிறைந்த கொழுத்த கலவை வேண்டவே வேண்டாம். மூன்று பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு செம்மண். அவ்வளவுதான். ஈரம் தங்கினால் பூஞ்சணம் வந்து தண்டை மண்மட்டத்தில் அழுக வைக்கும். வேரைத் தாக்கும் நூற்புழுவும் சேர்ந்துகொண்டால் ஒரே வாரத்தில் பாத்தி காலி. பழைய தோட்ட மண்ணைப் போடாதீர்கள், கத்தரியோ தக்காளியோ இருந்த மண் என்றால் இன்னும் ஆகாது, நூற்புழுவுக்கு அது பிறந்த வீடு. மணலையும் மண்ணையும் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, நனைத்து, மேலே கண்ணாடித் தாள் மூடி கோடை வெயிலில் மூன்று நான்கு வாரம் காயவிட்டால் பெரும்பாலான சனியன்கள் ஒழியும். விதையை அதன் பருமன் அளவு ஆழத்தில் போட்டு, மேலே வைக்கோல் பரப்பி, அதற்கு மேல் கோழிவலை கட்டாயம். எலியும் அணிலும் இந்த விதைக்கு அலைகின்றன. உங்கள் 34ல் எத்தனை விதை இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது என்பதே எனக்குச் சந்தேகம்.

முளை கொக்கி மாதிரி வளைந்து வெளியே வரும். அப்போது வைக்கோலை எடுத்துவிடுங்கள். விதை ஓடு ஒட்டிக்கொண்டிருந்தால் உதவி செய்கிறேன் என்று பிய்க்க வேண்டாம், கட்டுச்சோறு அதற்குள்தான் இருக்கிறது. நான்கைந்து இலை விட்டதும் பைக்கு மாற்ற வேண்டும், அதற்கு மேல் தாமதித்தால் வேர் நீண்டு, எடுக்கும்போது அறும். முன்தினம் நன்றாகத் தண்ணீர் விட்டு, மூங்கில் குச்சியால் மண்ணோடு நெம்பி எடுங்கள். வேர் வெயில் பார்க்கக் கூடாது. பை ஒரு அடி உயரமாவது இருக்க வேண்டும், கலவை இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழு உரம். துவரையோ பொன்னாங்கண்ணியோ அதே நாளில் பைக்குள் போய்விட வேண்டும். ஒரு வாரம் நிழல். தண்ணீர் தினமும் ஒரு தடவை, அளவாக. ஆறிலிருந்து எட்டு மாதத்தில் ஒரு அடி உயரம் வந்து, அடித்தண்டு பச்சை மாறிப் பழுப்பாகியிருந்தால் நடத் தயார். பச்சைத் தண்டோடு நிற்கும் நெடுநெடு கன்றை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நட்ட பிறகும் துணை வேண்டும், ஏனென்றால் துவரைக்கு ஆயுசு குறைவு. கன்று நடும்போதே சில அடி தள்ளி ஒரு அகத்தி, இன்னும் கொஞ்சம் தள்ளிச் சவுக்கோ புங்கனோ வைத்துவிட்டால், ஒன்று போவதற்குள் அடுத்ததை வேர் பிடித்துவிடும். வரப்போரத்தில் ஏற்கெனவே மரங்கள் இருந்தால் அதுவே போதும், உங்கள் பழைய மரம் அப்படி வளர்ந்ததுதான். தண்ணீர் தேங்கும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். சுற்றிலும் களைக்கொல்லி அடிக்கவும் கூடாது, அது யார் வேர், இது யார் வேர் என்று மருந்துக்குத் தெரியாது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பட்டா நிலத்தில் சந்தனம் வளர்க்கலாமா? வளர்க்கலாம். ஒரு காலத்தில் நம் வீட்டுக் கொல்லையில் தானாக முளைத்தாலும் மரம் சர்க்காருக்குத்தான் என்ற நிலை இருந்தது, அதற்குப் பயந்தே கன்றைப் பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. 2002ல் தமிழ்நாட்டில் சட்டம் மாறியது, 2008ல் பட்டா நிலச் சந்தன மரங்களுக்கான விதிகள் வந்தன. மரம் உங்களுடையது, ஆனால் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். உங்கள் பழைய மரம் பட்டுப்போனால்கூடத் தன்னிச்சையாகக் கோடாலியைத் தூக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் போய் விதை பொறுக்குவதும் குற்றம். சந்தனம் உலக அளவில் அழியும் அபாயம் உள்ளவற்றின் சிவப்புப் பட்டியலில் இருக்கிற மரம். உங்கள் மரத்து விதை போதாவிட்டால் கோவையில் இருக்கும் வன மரபியல் மற்றும் மர வளர்ப்பு நிறுவனத்திலோ பெங்களூரு மர அறிவியல் நிறுவனத்திலோ விசாரியுங்கள்.

பத்து வருஷத்தில் ஏக்கருக்குக் கோடி என்று யாராவது நோட்டீஸ் நீட்டினால் வாங்கி மடித்து வைத்துக்கொள்ளுங்கள், விதை உலர்த்த உதவும். வைரம், அதாவது வாசனை இருக்கிற நடுக்கட்டை, உருவாகத் தொடங்கவே ஏறத்தாழ பத்து வருஷம் ஆகும். நல்ல எண்ணெய்க்கு இருபது, முப்பது வருஷம், அதுவும் மரத்துக்கு மரம் வேறுபடும். இலையைக் கசக்கி மோந்து பார்த்து ஏமாறாதீர்கள், அதில் ஒரு வாசனையும் இராது.

அந்தத் தொட்டியைக் கொட்ட வேண்டாம். விதைத்துச் சில மாதம் ஆகியிருந்தாலும், நேராக விதைத்த புது விதை தூங்கி எழுந்து சிதறிச் சிதறித்தான் முளைக்கும். ஒரு ஓரத்தில் மெதுவாகக் கிளறி இரண்டு மூன்று விதையை எடுத்து, விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்து, உடைத்தால் உள்ளே வெள்ளையாக இருந்தால் மிச்சத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது. மேலே கோழிவலையைக் கட்டி, ஈரம் காயாமல், சொதசொதப்பும் இல்லாமல் இன்னும் ஆறு வாரம் விட்டுப்பிடியுங்கள். காத்திருக்கும் நேரத்தில் ஒரு பிடி துவரை வாங்கி வைத்துவிடுங்கள்.