மின்சார வண்டி ஏசியின் மின் கம்ப்ரஸர்: கேள்வி பதில்

கேள்வி: பெல்ட் கம்ப்ரஸரைவிட மின் கம்ப்ரஸர் எதில் மேல்?

பதில்: ஏசி வாயுவை அழுத்திச் சுற்றவிடுவது கம்ப்ரஸர். பெல்ட்டில் ஓடுவது இன்ஜின் வேகத்துக்குக் கட்டுப்பட்டது. வண்டி நின்று நாம் வெயிலில் வேகும்போது மெதுவாகச் சுற்றும், நெடுஞ்சாலையில் தேவை இல்லாவிட்டாலும் வேகமாகச் சுற்றும். மின் கம்ப்ரஸரின் வேகத்தை இன்வெர்ட்டர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) தேவைக்கேற்ப மாற்றும். கேபின் குளிர்ந்ததும் வேகம் இறங்கும். அப்போது வெப்பத்தை வெளியேற்றும் கன்டென்சருக்கும் கேபின் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டருக்கும் வேலை குறைவு, இரு பக்க அழுத்த வித்தியாசம் சுருங்கும், அதே மின்சாரத்துக்கு அதிகக் குளிர் கிடைக்கும். ஆனால் வேகம் ரொம்பவும் இறங்கினால் வாயுவை அழுத்தும் சுருள் தகடுகளின் (ஸ்க்ரோல்) இடுக்கில் வாயு பின்னோக்கிக் கசிந்து திறன் விழும்.

கேள்வி: ஏசி போட்டால் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) எவ்வளவு குறையும்?

பதில்: சராசரியாக 1 கிலோவாட் இழுக்கிறது என்று வையுங்கள். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 100 கி.மீ. கடக்க ஏசிக்கு மட்டும் 5 யூனிட். 100 கி.மீ. வேகத்தில் 1 யூனிட்தான். சார்ஜரில் இருக்கும்போதே கேபினைக் குளிர வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: நெரிசலில் ரேஞ்ச் ஏன் குறைகிறது?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: பெல்ட் கம்ப்ரஸர் வண்டிகளுக்கு ஏசி கேஸ் நிரப்பும் பழைய மெஷினிலேயே இதற்கும் நிரப்பலாமா?

பதில்: கூடாது. மின் கம்ப்ரஸருக்குள்ளேயே இருக்கும் மோட்டார் சுருள் குளிர்பதன வாயுவிலும் ஆயிலிலும் நனைந்தபடியே ஓடுகிறது. அதனால் பெரும்பாலும் மின்காப்புள்ள பி.ஓ.இ. ஆயில்தான் ஊற்றுவார்கள். பழைய மெஷினின் ஹோஸில், பெல்ட் கம்ப்ரஸருக்கு ஊற்றும், மின்காப்பு குறைந்த பி.ஏ.ஜி. ஆயில் தங்கியிருக்கும்.

கேள்வி: நான் எல்லா வண்டிக்கும் பி.ஏ.ஜி.தான் ஊற்றுகிறேன். ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: அவை பெல்ட் கம்ப்ரஸர்கள். அவற்றுக்குள் மோட்டார் கிடையாது.

கேள்வி: துளிதானே? கழுவிவிட்டால் போயிற்று.

பதில்: அந்தத் துளியைத்தான் சொல்கிறேன். காப்பு மின்தடை இறங்கினால் கசிவைக் கண்டு வண்டி உயர் மின்னழுத்தத்தையே துண்டிக்கலாம், ஏசியோடு வண்டியும் நிற்கும். கம்ப்ரஸரின் உள்ளே புகுந்த ஆயிலை முழுசாகக் கழுவி எடுக்க முடியாது, கடைசியில் கம்ப்ரஸரையே மாற்ற வேண்டிவரும். சொந்தக்காரர் பணம் அது. தனி ஹோஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு கேபிளைக் கழற்றி டெஸ்ட் செய்யலாமா?

பதில்: பயிற்சி இல்லாமல் தொடாதீர்கள். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்த பிறகும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டரில் மின்சாரம் கொஞ்ச நேரம் நிற்கும்.

கேள்வி: வேகமாகச் சார்ஜ் ஏறும்போது ஏசி மந்தமாகிறது. பழுதா?

பதில்: பல வண்டிகளில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே கம்ப்ரஸர்தான். பேட்டரி சூடானால் பங்கு முதலில் அதற்குப் போகும். சார்ஜ் முடிந்து சிறிது நேரத்தில் குளிர் திரும்பினால் பழுதில்லை.

கேள்வி: பி.ஏ.ஜி. பற்றி இன்னொரு சந்தேகம்...

பதில்: ஊற்றாதீர்கள்.