கட்டடக் கேள்விகள்: சைட்டுக்கு வந்த இரண்டு புது முகங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு வேலை லிண்டல் மட்டம் தாண்டி, தளம் போடும் கட்டத்தில் இருக்கிறது. போன வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணும் ஓர் ஆணும் வந்தார்கள். ஒருவர் ஆர்க்கிடெக்டாம், இன்னொருவர் புராஜெக்ட் மேனேஜராம். நீங்கள் கழன்றுகொள்கிறீர்களா மேடம்? இனி யாரிடம் பேசுவது?
– வாசகி, அழகாபுரம்

பதில்: அப்படியெல்லாம் இல்லைங்க. அஸ்தம்பட்டி அலுவலகத்தில் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சேலத்தில் வேலை கூடிவிட்டது, ஏற்காட்டிலும் வீடுகள் நடக்கின்றன. அதனால்தான் இந்த இருவரும். உங்கள் கடிதத்தைச் சாக்காக வைத்தே எல்லோருக்கும் அறிமுகம் செய்துவிடுகிறேன்.

ஆர்க்கிடெக்ட், ஏற்காடு நாகலூர்ப் பெண். காப்பித் தோட்டத்தில் வளர்ந்தவர். ஐந்து வருட பி.ஆர்க். முடித்துக் கோவையில் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நேர்முகத்துக்கு எல்லோரும் கலர் கலராகப் படங்கள் கொண்டுவருவார்கள், இவரும் கொண்டுவந்தார். நான் அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரு மனையின் அளவுப் படத்தை நீட்டினேன். பென்சிலைத் தொடவே இல்லை. “மேற்குப் பக்கத்து வீடு எத்தனை மாடி மேடம்?” என்று கேட்டார். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் மேற்குச் சுவர் குடிக்கிற வெயில், ராத்திரி படுக்கப் போகும்போதுதான் அறைக்குள் இறங்கும். பக்கத்து வீடு உயரமாக இருந்தால் அதன் நிழல் நமக்கு இலவசம். இல்லையென்றால் மாடிப்படியையோ குளியலறையையோ அந்தப் பக்கம் தள்ள வேண்டும். அந்த ஒரு கேள்விக்கே வேலை கொடுத்துவிட்டேன்.

மேனேஜர் சூரமங்கலத்துக்காரர். சிவில் டிப்ளமோ படித்து, சைட்டிலேயே உழன்றவர். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, காதில் பேனா. அவர் என்ன செய்வார் என்று விளக்குவதைவிட, வந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் இடத்தில் காலையில் காங்கிரீட் போட எல்லாம் தயார். கலவை மிஷின் வந்தாச்சு, ஆட்கள் வந்தாச்சு, வீட்டுக்காரர் தேங்காய், கற்பூரத்தோடு நிற்கிறார். இவர் சென்ட்ரிங், அதாவது காங்கிரீட்டைத் தாங்கும் பலகைத் தட்டின் மேல் ஏறிக் குத்துக்காலிட்டு, கம்பிக்கு அடியில் விரலை விட்டுக்கொண்டே போனார். ஒரு மூலையில் விரல் நுழையவில்லை, கம்பி பலகையோடு ஒட்டிக் கிடந்தது. கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக்கை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். தளத்தில் கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டராவது காங்கிரீட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாளடைவில் ஈரம் புகுந்து, கம்பி துருப்பிடித்து உப்பி, சீலிங் பெயர்ந்து விழும். சரி, அதைக்கூட அரை மணியில் சரி செய்துவிடலாம். குளியலறைக் குழாய் இறங்க விட வேண்டிய ஓட்டைக்கு பைப் துண்டும் வைக்கவில்லை, பிளம்பர் ஊரிலேயே இல்லை. “இன்னிக்கு வேண்டாம்ண்ணா, நாளைக்குப் போட்டுக்கலாம்” என்றார். மேஸ்திரி குதித்தார், ஆள் கூலிக்கு யார் பதில் என்றார். இவர் குரலை உயர்த்தவே இல்லை. வந்த ஆட்களைச் செங்கல் ஏற்றவும் பூச்சு வேலைக்கு மணல் சலிக்கவும் அனுப்பிவிட்டு, பிளம்பருக்குப் போன் போட்டார். வீட்டுக்காரரிடம், “கற்பூரத்தை இன்னிக்கே காட்டிடுங்க சார், நேரம் நல்ல நேரம்தான்” என்றார். இப்படி ஓர் ஆளைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். நல்ல டிராயிங் போடுகிறவர்கள் கிடைத்துவிடுவார்கள். மிஷின் ஓடத் தயாராக நிற்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்கிறவர் கிடைப்பது கஷ்டம்.

இனி நீங்கள் யாரிடம் பேசுவது? அறை, ஜன்னல், படி, டைல்ஸ் என்றால் ஆர்க்கிடெக்ட். எப்போது முடியும், எவ்வளவு ஆகும், ஏன் ஆள் வரவில்லை என்றால் மேனேஜர். இருவர் மீதும் வருத்தம் என்றால் நான். கொத்தனாரிடம் நேராகப் போய், “அந்தச் சுவரை அரை அடி தள்ளிடுங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் தள்ளிவிடுவார்!

கேள்வி: மேனேஜர் சம்பளம் எங்கள் தலையில்தானே விடியும்?
– வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: புதிதாக எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் மேற்பார்வைக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கிறதே, அதற்குள்தான் அவரும். வேறு இடத்தில் கட்டுகிறவர்கள் அந்த வரியில் வாரம் எத்தனை முறை சைட்டுக்கு வருவார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: ஆர்க்கிடெக்ட் என்று போர்டு வைத்திருப்பவர் உண்மையில் ஆர்க்கிடெக்ட்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், ஆத்தூர்

பதில்: 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண் ‘சிஏ’ என்று தொடங்கும். கேளுங்கள், கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டால் அதுவே பதில். அதற்காக இன்ஜினியரைக் குறைவாக நினைக்க வேண்டாம், சாதாரண வீட்டுக்கு அனுமதி வாங்கப் பதிவு பெற்ற இன்ஜினியர் போதும்.

கேள்வி: ஏற்காட்டில் கொஞ்சம் இடம் வாங்கியிருக்கிறோம். உங்கள் புது ஆட்களை வைத்து ஆறு மாதத்தில் ஒரு சின்ன வீடு முடித்துத் தர முடியுமா?
– தம்பதி, ஈரோடு

பதில்: பத்திரத்தைத் தவிர வேறென்ன கையில் இருக்கிறது என்று எழுதவில்லையே. ஏற்காடு, ‘ஹாக்கா’ என்று சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்பு விதிகளுக்குள் வருகிற பகுதி. வனம், வேளாண் பொறியியல், கனிமவளம் என்று பல துறைகளின் கருத்து வேண்டியிருக்கும். அந்தக் காகிதம் வரும் வரை ஆறு மாதக் கணக்கைத் தொடங்க வேண்டாம்.

அனுமதி வந்த பிறகு மலை தன் பங்குக்குக் கேட்கும். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கடையில் 12 மீட்டர் நீளத்தில் வரும் கம்பியை மடக்கிச் சின்ன லாரியில்தான் ஏற்ற வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். அதனால் எங்கள் மேனேஜர் அக்டோபருக்குள் கம்பி, ஜல்லி எல்லாவற்றையும் மேலே சேர்த்துவிட வேண்டும் என்கிறார். சிமென்ட்டை மட்டும் அப்படிச் சேர்க்க மாட்டார். பனிமூட்டத்தில் மூட்டை கட்டி தட்டிவிடும், அந்தந்த வேலைக்கு வேண்டியதைத்தான் ஏற்றுவார்.

நாகலூர்ப் பெண் உங்கள் இடத்தைப் பார்க்க வருவார். வந்ததும் வீடு எங்கே என்று கேட்க மாட்டார், மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்றுதான் கேட்பார். சில்வர் ஓக் மரங்களை வெட்டி வைத்துவிட்டு அவரை அழைக்காதீர்கள், திட்டுவார்.

கேள்வி: அந்த ஆர்க்கிடெக்ட் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? எங்கள் பையன் சென்னையில் ஐ.டி.யில் இருக்கிறான்.
– வாசகி, நாமக்கல்

பதில்: இந்தப் பகுதியின் பெயர் ‘கட்டடக் கேள்விகள்’ அம்மா.