நூலக மிஸ்ஸுக்கு இனி என்ன வேலை? – கேள்வி பதில்

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை நான். ஸ்மார்ட் போர்டு, கணினி லேப், டேப்லெட் எல்லாம் வந்த பிறகு பள்ளி நூலகம் என்ன ஆகும் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்டவை இவை.

வியாசர்பாடியிலிருந்து ஒரு அப்பா: என் பையன் பள்ளியில் வகுப்புக்கு வகுப்பு ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. எல்லாம் நெட்டில் கிடைக்கும்போது நூலகத்துக்கென்று தனியாக ஒரு டீச்சர் எதற்கு மேடம்?

எல்லாம் கிடைக்கிறதே, அதனால்தான் சார். முன்பெல்லாம் ஒரு பையன் சூரிய சக்தி பற்றிக் கேட்டால் அலமாரியிலிருந்து இரண்டு புத்தகம் எடுத்துக் கொடுப்பேன், வேலை முடிந்தது. இப்போது அவன் தேடினால் பக்கம் பக்கமாக வந்து விழுகிறது. அதில் எது அவன் வயசுக்குப் புரியும், எது சோலார் பேனல் விற்கிற கம்பெனியின் விளம்பரம், எது பத்து வருஷப் பழசு என்று பிரித்துப் பார்க்க யாராவது சொல்லித்தர வேண்டாமா? பாட ஆசிரியருக்குப் போர்ஷன் முடிக்கவே மூச்சு முட்டுகிறது.

எஸ். ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். அவர் 1931இல் நூலாக வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அன்றைக்கு அலமாரி முன்னால் அந்த நேரத்தை மிச்சப்படுத்தினார்கள். எங்களுக்கு இப்போது அதே வேலை திரை முன்னால்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு சமூக அறிவியல் ஆசிரியர்: ப்ராஜெக்ட் கொடுத்தால் சாட்ஜிபிடியில் கேட்டு அப்படியே எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஒரே வாக்கியம் ஐந்து நோட்டில் இருக்கிறது. தடை போடுவதா, விட்டுவிடுவதா?

தடை போட்டால் வீட்டில் அண்ணன் போனில் செய்வார்கள். கேள்வியை மாற்றுங்கள் சார். 'இந்திய ரயில்வே பற்றிக் கட்டுரை எழுதுக' என்றால் அதை எழுதிக் கொடுக்க இயந்திரத்துக்கு ஒரு நிமிஷம் போதும். நான் ஒன்பதாம் வகுப்பில் 'முதல் ரயில் எங்கே ஓடியது?' என்று மட்டும் கேட்டுவிட்டு, குழுவாக உட்கார வைத்தேன். ஒரு குழு 1853, பம்பாயிலிருந்து தானே என்ற ஊருக்கு என்றது. இன்னொரு குழு நம்ம ராயபுரம், 1856 என்று சண்டைக்கு வந்தது (ராயபுரம் பிள்ளைகள் அந்தக் குழுவில் அதிகம்). மூன்றாவது குழு செங்குன்றம், 1837 என்றது.

மூன்றுமே சரி என்பதுதான் இதில் அழகு. 1853இல் ஓடியது பொதுமக்களை ஏற்றிக்கொண்டு போன இந்தியாவின் முதல் பயணிகள் ரயில். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போனது தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். செங்குன்றத்து ரயில் சாலை போடுவதற்குக் கல் சுமந்தது. ஆக, 'முதல்' என்றால் எதில் முதல், எந்த ஊரில் முதல் என்று கேட்டால்தான் விடை நிற்கும். அதற்கப்புறம் அதே கேள்வியைச் சாட்பாட்டிடம் கேட்கச் சொன்னேன். அது பம்பாயை மட்டும் சொன்னது. 'செங்குன்றம் என்ன ஆச்சு?' என்று ஒரு பெண் திருப்பிக் கேட்டாள். உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விடையை மாற்றியது. நாம் அழுத்திக் கேட்டால் அது மாற்றிப் பேசும் என்பதைக் கண்ணால் பார்த்தார்கள். நான் அரைமணி நேரம் பேசியிருந்தாலும் அது அவர்கள் மண்டையில் ஏறியிருக்காது.

இப்போது ப்ராஜெக்ட்டில் ஒரு பக்கம் கூடுதலாகக் கேட்கிறேன்: எங்கே தேடினாய், எதை நம்பவில்லை, ஏன். மார்க்கில் பாதி அந்தப் பக்கத்துக்கு. அதைக் கையால் எழுத வேண்டும். நீங்களும் நூலக ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து கேள்வியைத் தயார் செய்தால் ஆளுக்குப் பாதி வேலைதான்.

பெரம்பூரிலிருந்து ஒரு பிளஸ் ஒன் மாணவி: விக்கிப்பீடியா பார்க்கலாமா மிஸ்?

தாராளமாகப் பார்க்கலாம்மா. அங்கே ஆரம்பி, அங்கேயே நின்றுவிடாதே. கீழே மேற்கோள்கள் இருக்கும், அதில் இரண்டையாவது திறந்து பார். தமிழ்ப் பக்கத்தையும் ஆங்கிலப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. இரண்டும் வேறு வேறு சொன்னால் உனக்கு நல்ல ப்ராஜெக்ட் கிடைத்துவிட்டது.

ராயபுரத்திலிருந்து ஒரு தலைமை ஆசிரியர்: இடப் பற்றாக்குறை. நூலக அறையைக் கணினி அறையாக மாற்றச் சொல்லி நிர்வாகம் கேட்கிறது.

கணினியை நூலகத்துக்குள் கொண்டுவாருங்கள் ஐயா. நாலு கணினி, ஒரு நீள மேஜை, சுவர் ஓரமாக அலமாரிகள் போதும். கிழிந்த பழைய கைடுகளையும் பாடத்திட்டம் மாறிப்போன புத்தகங்களையும் முறைப்படி கழித்தாலே பாதி இடம் வந்துவிடும். அலமாரிக்குப் பூட்டு மட்டும் வேண்டாம். புத்தகம் தொலைந்துவிடும் என்ற பயத்தில் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கும் நூலகங்கள் நம் பக்கம் நிறைய.

இன்னொன்று, கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். எந்த ஆசிரியர் லீவு போட்டாலும் லைப்ரரி பீரியட்தான் காலியாகிறது. மீதி நேரம் எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்ற எங்களை உட்கார வைத்துவிடுகிறார்கள். வாரம் ஒரு பீரியட், அது யாருக்கும் போகாது என்று நீங்கள் டைம்டேபிளில் கையெழுத்துப் போட்டால், புது கணினி வாங்கித் தருவதைவிட அது பெரிய உதவி.

காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா: பொண்ணு நாலாவது படிக்கிறாள். புத்தகம் வாங்கக் காசில்லை, போன்தான் இருக்கிறது. என்ன படிக்கக் கொடுக்கலாம்?

ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் தமிழ்க் கதைகள் படங்களோடு இலவசமாக இருக்கின்றன. எழுத்து எத்தனை கடினம் என்று நிலை பிரித்து வைத்திருப்பதால், முதல் நிலையிலிருந்து ஆரம்பிக்கலாம். தினம் ஒரு கதை, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லைம்மா, அவள் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை கிளை நூலகத்துக்கும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் திறந்திருக்கும் நேரத்தை முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது ஆப் பொண்ணின் போட்டோ, போன் நம்பர், பள்ளிப் பெயர் எல்லாம் கேட்டால் மூடிவிடுங்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களைக் குழந்தைகள் என்றே சொல்கிறது. அவர்கள் விவரங்களை வாங்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. கதை படிக்க ஆதார் நம்பர் எதற்கு?

கொளத்தூரிலிருந்து நூலக அறிவியல் படிக்கும் மாணவர்: வேலை கிடைக்குமா அக்கா? கூடுதலாக என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

கேந்திரிய வித்யாலயாக்களில் நூலகர் என்றே தனிப் பணியிடம் உண்டு. பெரிய தனியார் பள்ளிகளிலும் எடுக்கிறார்கள். நம் பக்கத்துப் பல பள்ளிகளில் தமிழ் ஆசிரியரோ உடற்கல்வி ஆசிரியரோ பொறுப்பைச் சேர்த்துப் பார்க்கிறார்கள், அதுதான் நிலைமை. முடிந்தால் பி.எட்.டும் முடித்துவிடு தம்பி, வகுப்பெடுக்கத் தெரிந்த நூலகருக்கு மதிப்பு தனி. நூலகப் புத்தகங்களைப் பட்டியல் போட்டு நிர்வகிக்கும் கோஹா மென்பொருளைக் கற்றுக்கொள், அது இலவசம்தான். உன் லேப்டாப்பில் நிறுவி, வீட்டில் உள்ள புத்தகங்களையே பட்டியல் போட்டுப் பழகு.

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தமிழாசிரியை: கதைப் புத்தகங்களை ஸ்கேன் செய்து வகுப்பு வாட்ஸ்அப்பில் போடலாமா?

முழுப் புத்தகத்தைப் போடாதீங்க டீச்சர். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு முடியும் வரை பதிப்புரிமை இருக்கும். 1970இல் இறந்தவர் என்றால் 2030 டிசம்பர் வரை. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களுக்கு அந்தத் தடை இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டத்திலும் நிறைய கிடைக்கிறது. ஸ்கேன் செய்யும் நேரத்தில் அங்கே தேடி, அந்த இணைப்பை அனுப்பிவிடலாம்.