சின்னக் குழந்தைகளுக்குப் பேரழிவுகள் வழியே வரலாறு சொல்லலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. டைட்டானிக் பற்றித்தான் ஓயாமல் கேட்கிறான். இப்படிப் பேரழிவுகளை வைத்து வரலாறு சொல்லித்தருவது சரியா? பயந்துவிட மாட்டானா?

தாராளமாகச் சொல்லலாம். ஆனால் கதையைத் தவறான இடத்தில் நிறுத்தினால் பயந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நாங்கள் மும்பை மாட்டுங்காவில் இருக்கிறோம், சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது, மே மாத லீவுக்கு ஊருக்குக் கிளம்பும் முன் தனுஷ்கோடி கதையைச் சொன்னேன். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைப் புயல் அலை அடித்துக்கொண்டு போனது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதோடு நிறுத்திவிட்டேன். அந்தப் பயணத்தில் ஒவ்வோர் ஆற்றுப்பாலம் வரும்போதும் அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அதைச் சரிசெய்தது என் மாமியார். புயல் வந்த வருடம் அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். "பாலம் உடைஞ்சுட்டுல்லா, அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அதே புயலில் பாம்பன் பாலத்தின் கர்டர்கள், அதாவது இரும்பு உத்திரங்கள், கடலுக்குள் போய்விட்டன. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியரின் பொறுப்பில் 46 நாளில் பாலம் திரும்ப எழுந்தது. நாங்கள் கோவாவுக்குப் போன கொங்கண் ரயில்பாதையைப் போட்டதும் பிற்காலத்தில் அவர் தலைமையில்தான். மகள் எழுந்து உட்கார்ந்து, "ஆச்சி, கடலுக்குள்ள விழுந்த இரும்பை எப்படி வெளிய எடுத்தாங்க?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து எந்தக் கதையையும் 'அப்புறம் என்ன செய்தார்கள்' என்பது இல்லாமல் நான் சொல்வதில்லை. முடிந்தவரை, அவள் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளம் மிச்சமிருக்கும் பேரழிவாகத் தேர்ந்தெடுக்கிறேன்.

எங்களுக்கு அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை, மாட்டுங்காவே ஒரு பேரழிவுக்குப் பிறகு எழுந்த பேட்டைதான். 1896இல் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் பரவியது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெரிசலான அறைகளில் ஜனங்கள் செத்தார்கள், லட்சக்கணக்கானோர் ஊரை விட்டே ஓடினார்கள். 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, நகரத்துக்கு வடக்கே வயலும் சதுப்புமாகக் கிடந்த இடத்தில் தாதர், மாட்டுங்கா பகுதிகளைத் திட்டமிட்டார்கள். அகலமான தெரு, கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி, நடுவில் தோட்டங்கள். நம் ஆட்கள் வந்து குடியேறியது அதற்கப்புறம்தான். இதை நான் வீட்டில் வைத்துச் சொல்லவில்லை, ஃபைவ் கார்டன்ஸில் நடந்துகொண்டே சொன்னேன். மகள் கையை விரித்துக்கொண்டு, இரண்டு கட்டடத்துக்கு நடுவில் எத்தனை அடி வைக்கலாம் என்று நடந்து பார்த்தாள். ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி பிளேக் தடுப்பூசியை 1897 ஜனவரியில் முதலில் தனக்கே போட்டுப் பார்த்தார் என்றதும், அவர் பெயரில் பரேலில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தின் வாசலையாவது பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். போய்ப் பார்த்தோம்.

வருடக் கணக்கு இந்த வயதில் ஏறாது. "ஆச்சியோட ஆச்சி குழந்தையா இருந்தப்போ" என்று சொன்னால் ஏறும்.

ஏப்ரலில் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தைச் சொல்வேன். 1944 ஏப்ரல் 14, விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல். உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள், கூடவே கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள். பஞ்சு புகைந்தது, மாலை 4 மணி தாண்டிக் கப்பல் வெடித்தது. அணைக்கப் போனவர்களில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். "பஞ்சையும் வெடிமருந்தையும் ஏன் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க?" என்று கேட்டாள். ஆறு வயதுக் குழந்தை இதைக் கேட்டுவிட்டால் வரலாற்றின் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். போர்க்காலம், இடமில்லை, அவசரம் என்று பதில் சொன்னேன். ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடு முழுக்கத் தீயணைப்பு வாரம் நடப்பது இவர்கள் நினைவாகத்தான்.

உங்கள் மகனின் டைட்டானிக்குக்குப் புளியங்கொட்டை போதும். கப்பலில் ஏறத்தாழ 2,200 பேர், படகுகள் 20, அவற்றில் இடம் 1,178 பேருக்கு. 22 கொட்டையைக் கொடுத்து 12ஐ மட்டும் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். மீதிப் பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவனே கேட்பான். எத்தனை படகு என்பதை அன்றைய சட்டம் கப்பலின் அளவை வைத்துத்தான் சொன்னது, ஆள் கணக்கை வைத்து அல்ல. எல்லோருக்கும் படகில் இடம் வேண்டும் என்று 1914இல் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

"செத்துட்டாங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்றே சொல்லுங்கள். மழுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள். படம், வீடியோ மட்டும் வேண்டாம். மனிதர்கள் வேண்டுமென்றே செய்த கொடுமைகளை, இந்த நகரத்தின் குண்டுவெடிப்புகள் போன்றவற்றை, நான் இன்னும் தொடவில்லை. அவளுக்குப் பத்து வயதாகட்டும் என்றிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் அவளே ஒன்றைத் தொடங்கினாள். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது என்று சொல்லியிருந்தேன். கீழ்வீட்டு மாமாவிடம் போய், "அன்னைக்கு ராத்திரி நீங்க எங்க தூங்கினீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அந்தேரியிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்துவந்ததையும், வழியில் முகம் தெரியாதவர்கள் டீயும் பிஸ்கட்டும் கொடுத்ததையும் ஒரு மணிநேரம் சொன்னார். பிறகு எங்கள் பில்டிங் படிக்கட்டில் அன்று தண்ணீர் நின்ற இடத்தைக் காட்டினார். மகள் ஸ்கேல் எடுத்துவந்து அளந்தாள். சரியாக மூன்று படி.