தாய்ப்பால் கொடுக்கும்போது மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டால் குழந்தைக்கு ஆபத்தா?

பெரும்பாலான மாத்திரைகளில் இல்லை. ஆனால் எந்த மாத்திரை என்பது முக்கியம். மகள் பிறந்த சில வாரங்களில் எனக்குச் செர்ட்ராலின் எழுதிக் கொடுத்தார்கள். பால் கொடுத்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

"நீ முழுங்குறது எல்லாம் புள்ளைக்குத்தானே போகும்" என்று அம்மா பயந்தார். போகும்தான், எவ்வளவு என்பதுதான் கேள்வி. தாயின் எடைக்கு அவள் சாப்பிடும் மருந்து எவ்வளவு, குழந்தையின் எடைக்குப் பாலில் போவது எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பரவாயில்லை என்று கொள்வது வழக்கம். செர்ட்ராலினில் அது பெரும்பாலும் 3 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. பால் குடித்த பல குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது மருந்து அளக்க முடியாத அளவுக்குக் குறைவாக இருந்திருக்கிறது. பராக்ஸெடின் என்ற மாத்திரையும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஃப்ளூவாக்ஸெடின் என்ற மாத்திரை உடம்பை விட்டுப் போக வாரக்கணக்கில் ஆகும். குழந்தையிடம் சேரவும் வாய்ப்பு அதிகம், அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதை முதலில் தரமாட்டார்கள். கர்ப்பத்திலேயே அதைச் சாப்பிட்டு நன்றாக இருப்பவர் பாலுக்காக மாற்றத்தான் வேண்டும் என்றில்லை. வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்குப் போனது பாலில் போவதைவிட அதிகம். டாக்ஸெபின் என்ற மாத்திரை மட்டும் வேண்டாம் என்பார்கள். குழந்தைக்கு மயக்கமும் மூச்சுத் திணறலும் வந்ததாகப் பதிவுகள் உண்டு.

எங்களிடம் ஒரு டாக்டர் பாலை நிறுத்திவிடச் சொன்னார். மருந்தின் பெயரைக்கூடக் கேட்கவில்லை! வேறு மனநல மருத்துவரிடம் போனோம். அவர் குழந்தை டாக்டரிடமும் சொல்லிவிடச் சொன்னார். எழுப்பினாலும் எழாத தூக்கம், சரியாகக் குடிக்காதது, ஓயாத சிணுங்கல், எடை ஏறாதது, இவற்றைத்தான் கவனிக்க வேண்டும். தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் எடை பார்த்தோம், ஒழுங்காக ஏறியது. குறைமாதக் குழந்தை என்றால் கூடுதல் கவனம் வேண்டும், ஈரலும் சிறுநீரகமும் இன்னும் முதிர்ந்திருக்காது.

மாத்திரை போட்டதும் பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்வார்கள் சிலர். தேவையில்லை. தினமும் சாப்பிடுகிற மருந்து நாள் முழுக்க ரத்தத்தில் இருக்கும், ஒரு வேளைப் பாலைக் கொட்டி என்ன ஆகப்போகிறது?

மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், எரிச்சல் வரலாம், சோர்வும் திரும்பலாம். மருந்தே இல்லாத தாய்தான் குழந்தைக்குப் பாதுகாப்பு என்று பேசுகிறவர்கள், குழந்தை அழுதும் எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கும் தாயைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அது இருமுனை மனநோயாக இருந்தால் மருந்தே மாறும்.

மருந்தின் பெயரை அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் லாக்ட்மெட் தளத்தில் தேடிப் பாருங்கள், இலவசம்தான். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள், வீட்டில் சொல்லி அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம்.